13பி ரோட்டரி: முன் போல்ட்டை இறுக்கியதும் எண்ட் பிளே 0.20 மி.மீ. காட்டுது. ஸ்பேசர் மாத்தணுமா?

கேள்வி

வணக்கம். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்சியோட 13பி ரோட்டரி எஞ்சினை (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுத்துற வகை) முழுசா பிரிச்சு மறுபடி கோத்தாச்சு. அபெக்ஸ் சீல், கார்னர் சீல், ஸ்பிரிங், கூலன்ட் சீல் எல்லாம் புதுசு. சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் 0.06 முதல் 0.08 மி.மீ. வரை இடைவெளி. எஞ்சின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கிற டென்ஷன் போல்ட் 18-ம் மூணு சுற்றில் 35 நியூட்டன் மீட்டர், ஃப்ளைவீல் நட் 440. அப்புறம் ஸ்டாண்டில் முன்பக்கம் மேலே வர மாதிரி திருப்பி, ஃப்ரண்ட் கவர் மாட்டி, ஷாஃப்ட்டோட முன் போல்ட்டை 120-க்கு இறுக்கியிருக்கேன்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி எண்ட் பிளே, அதாவது ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ற அளவு, 0.05. இப்போ 0.20. அந்த அளவைத் தீர்மானிக்கிற வளையமான ஸ்பேசர் அதே பழசுதான். ஸ்பார்க் பிளக் இல்லாமல் சுத்தினாலும் ஒரு இடத்தில் நெருடுது. மெல்லிய ஸ்பேசர் போட்டா சரியாகுமா? ஆயில் பேன் இன்னும் மாட்டலை.

பதில் 1

எண்ட் பிளே அளந்த டயல் கேஜோட காந்த ஸ்டாண்டை எங்க ஒட்டினீங்க? பின் ஹவுசிங் வார்ப்பிரும்பு, அதில் காந்தம் பிடிக்கும். ரோட்டர் ஹவுசிங் வெளிப்பக்கம் அலுமினியம், அங்க பிடிக்காது. ஸ்டாண்ட் அசைஞ்சா அளவு தப்பாத்தான் வரும். புது சீல் போட்ட எஞ்சின் கொஞ்சம் கனமாச் சுத்துறது சகஜம்தான்.

கேள்வி கேட்டவர்

பின் ஹவுசிங்கில்தான் ஒட்டியிருக்கு. கேஜ் முனை ஃப்ளைவீல் முகத்தில். அஞ்சு தடவை நெம்பிப் பார்த்தாச்சு, அதே 0.20.

பதில் 2

தம்பி, ஸ்பேசர் வாங்காதீங்க. எஞ்சினைச் சுத்துறதையும் இப்பவே நிறுத்துங்க.

ஸ்பேசர் தடிமன் கூடினா எண்ட் பிளே கூடும், குறைஞ்சா குறையும். அந்தக் கணக்கு சரிதான். ஆனா கிடைக்கிற ஸ்பேசர்களுக்கு நடுவில் வித்தியாசமே நூற்றில் சில பங்கு மி.மீ.தான். அதே ஸ்பேசர் முன்னாடி 0.05 காட்டிட்டு இப்போ 0.20 காட்டுதுன்னா, நடுவில் வேற ஏதோ மாட்டியிருக்கு. புது சீல் கனம் சுத்து முழுக்க ஒரே மாதிரி இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் நெருடாது. இது த்ரஸ்ட் நீடில் பேரிங் (ஷாஃப்ட்டோட முன்-பின் அழுத்தத்தைத் தாங்குற ஊசி பேரிங்) நழுவி நசுங்கினதோட அறிகுறி.

எப்படி நடக்குதுன்னா: ரெண்டு நீடில் பேரிங்கும் ஸ்பேசரைச் சுத்தி வளையம் மாதிரி உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் மேலே இருக்கும்போது, போல்ட் இறுகாத வரை எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டை (ரோட்டர்கள் சுழற்றுற மைய ஷாஃப்ட்) பிடிக்க ஆளில்லை. ஃப்ளைவீல் கனத்தோட அது கீழே இறங்கும், ஸ்பேசரும் கூடவே இறங்கும். மேல் பேரிங் மட்டும் பேரிங் ஹவுசிங் மேலேயே நின்னு, ஸ்பேசர் விளிம்பில் ஏறிக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினா த்ரஸ்ட் தட்டுக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் சிக்கி நசுங்கும். இறுக்கும்போது டார்க் சட்டுனு ஏறாம, கொஞ்சம் பஞ்சு மாதிரி இழுத்திருக்குமே?

எஞ்சினை முழுசாப் பிரிக்க வேண்டாம், டென்ஷன் போல்ட்டைத் தொடவே வேண்டாம். முன் போல்ட், ஹப், கவர், டிரைவ் கியர், ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் சேர்த்து, ஷாஃப்ட் கீ-கள், பேலன்ஸ் வெயிட், இந்த வரிசையில் எடுங்க.

கேள்வி கேட்டவர்

ஆமா, இறுக்கும்போது இழுத்துச்சு. கழட்டிப் பார்த்தாச்சு. முன் பேரிங்கோட கூடு ஒரு பக்கம் மடங்கியிருக்கு, ரெண்டு ஊசி வெளியே வந்திருக்கு. த்ரஸ்ட் தட்டில் பிறை மாதிரி தழும்பு, நகத்தால் தடவினாலே தட்டுப்படுது.

பதில் 2

தழும்பு நகத்துக்குத் தெரிஞ்சா அந்தத் தட்டு போச்சு. ரெண்டு பேரிங், ரெண்டு தட்டு, எல்லாமே புதுசா போடுங்க. ஸ்பேசரோட ரெண்டு முகத்தையும் கண்ணாடி மேல் வெச்சுப் பாருங்க, பள்ளம் இருந்தா அதே எழுத்துக் குறியுள்ள ஸ்பேசர். பின் பேரிங்கில் எத்தனை ஊசின்னு எண்ணி, உடைஞ்சதோட ஒப்பிடுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் காந்தக் குச்சி விட்டுத் தேடி எடுத்தே ஆகணும். ஆயில் பேன் மாட்டாதது நல்லதாப் போச்சு.

கோக்கும்போது: உள் த்ரஸ்ட் தட்டின் சரிவு விளிம்பு ரோட்டர் பக்கம் பார்க்கணும், மாத்தி வெச்சா ஷாஃப்ட் வளைவில் படியாம நிற்கும். அப்புறம் ஸ்பேசர், நீடில் பேரிங், பேரிங் ஹவுசிங், முன் பேரிங், முன் தட்டு, பேலன்ஸ் வெயிட். பேரிங்குக்கு வாசலின் தாராளமாத் தடவுங்க, அப்புறம் எண்ணெயில் கரைஞ்சுடும். முக்கியமா, ஷாஃப்ட்டைக் கீழிருந்து மேலே தாங்கி நிறுத்துங்க. ஃப்ளைவீலுக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்தாப் போதும். போல்ட் முழு டார்க் வர்ற வரை அந்தக் கட்டையை எடுக்கக் கூடாது.

பதில் 3

கவரைத் திறந்த கையோட, கவருக்கும் முன் ஹவுசிங்குக்கும் நடுவில் இருக்கிற எண்ணெய்த் துளை ஓ-ரிங்கையும் மாத்திடுங்க. அது ஒழுகினா எண்ணெய் வெளியே வராது, உள்ளேயே பேனுக்குப் போயிடும். பிரஷர் குறையும், காரணம் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்

எல்லாம் மாத்திக் கோத்தாச்சு. டார்க் ஒரே மாதிரி ஏறி 120-ல் நின்னுச்சு. எண்ட் பிளே 0.05, நெருடல் இல்லை. ரொம்ப நன்றி அண்ணே.

பதில் 2

0.04-லிருந்து 0.07 வரைதான் வேணும், 0.05 அருமை. எஞ்சின் காரில் ஏறின பிறகு புல்லி மாத்தணும்னு முன் போல்ட்டைத் தளர்த்தினாலும் இதே ஆபத்து உண்டு. மறுபடி இறுக்கி முடிக்கிற வரை கிளட்ச் பெடலை யாரும் மிதிக்காம பார்த்துக்கோங்க. இறுக்கினதும் எண்ட் பிளேயை ஒரு தடவை அளந்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.