போனில் ஏறி கார்டில் இறங்கலாமா? (சிங்கப்பூர் பஸ், எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில்)

தேக்காமுனை:
"சிங்கப்பூரில் 4 நாள்" இழையில் பயணப்பித்தன் எழுதியிருப்பது: "டிக்கெட்டுக்கு ஏறும்போது மெஷின்ல போனைத் தட்டுங்க, இறங்கும்போது அவசரத்துக்கு கார்டைத் தட்டினாலும் பரவாயில்லை, ரெண்டும் ஒரே பேங்க் அக்கவுண்ட்தானே." அதுக்கு லைக் வேற குவியுது. ஊருக்குப் புதுசா வர்ற ஜனங்க இதை நம்பி காசை விடுவாங்க. போனில் ஏத்தின கார்டுக்கு வேற நம்பர். பிளாஸ்டிக்ல அச்சடிச்ச 16 இலக்கம் மெஷினுக்குப் போகவே போகாது. போன்ல இருக்கிற வாலட் செயலியில அந்தக் கார்டோட விவரத்தைத் திறந்து பாருங்க, போனுக்குன்னு தனி நம்பரோட கடைசி 4 இலக்கம் இருக்கும். மெஷினுக்கு உங்க அக்கவுண்ட் தெரியாது, நம்பர்தான் தெரியும். போனைத் தட்டி பஸ் ஏறி கார்டைத் தட்டி இறங்கினா, நீங்க இறங்கிட்டீங்க, போன் இறங்கல. அந்த பஸ்ஸோட கடைசி ஸ்டாப் வரைக்கும் கட்டணம் போகும்.

பயணப்பித்தன்:
வாத்தியார் வந்துட்டார், எல்லாரும் பெஞ்ச் மேல ஏறுங்க. ஒரே கேள்விதான். பணம் போறது ஒரே அக்கவுண்ட்ல இருந்தா இல்லையா?

தேக்காமுனை:
ஒரே அக்கவுண்ட்ல இருந்துதான். ரெண்டு தடவை.

பயணப்பித்தன்:
தட்டினா பச்சை எரியுது, 'பீப்'னு கேக்குது. தப்புன்னா சிவப்பு எரியணுமே?

தேக்காமுனை:
பச்சைன்னா கார்டைப் படிச்சாச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். பேங்க் கார்டுல தட்டினா அங்கேயே கட்டணம் காட்டாது. ஏறினது, இறங்கினது ரெண்டையும் பின்னாடி சேர்த்துப் பார்த்துத்தான் எடுப்பாங்க. இப்படிப் பின்னாடி கணக்குப் பார்த்து எடுக்கிற முறைக்குப் பேர் சிம்ப்ளிகோ, அதோட செயலியில பயண வரலாற்றைப் பார்த்தாத்தான் ஓட்டை தெரியும். இந்த "கண்ணுக்குத் தெரியலையே"தான் 2024 ஜனவரியில பெரிய ரகளை ஆச்சு. முன்கூட்டியே காசு ஏத்தி வைக்கிற பழைய ஈஸிலிங்க் பயணக் கார்டையெல்லாம் சிம்ப்ளிகோவுக்கு மாத்தப்போறோம்னு அறிவிச்சாங்க. ஸ்டேஷன் கேட்ல கார்டுல மிச்சமிருக்கிற காசு தெரியாதேன்னு மக்கள் கத்தினதுல, அதே மாசமே முடிவைத் திரும்ப வாங்கிட்டாங்க. இங்க உள்ளவனுக்கே தெரியல, 4 நாள் வந்து போறவருக்கு எப்படித் தெரியும்? பச்சையைப் பார்த்து பதிவு போட வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவுல ஒரு கணக்கு. வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டுக்கு, பயன்படுத்துற ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் நிர்வாகக் கட்டணம். ஈஸிலிங்க் கார்டு 10 டாலர், அதுல 5 டாலர் பயணத்துக்கு, மீதி 5 கார்டு விலை, திரும்பாது. 8 நாள் வரைக்கும் பேங்க் கார்டு 4.80, ஜெயிக்குது. 9ஆம் நாள் 5.40, ஈஸிலிங்க் ஜெயிக்குது. 4 நாள் ட்ரிப்புக்கு ஈஸிலிங்க் வாங்கச் சொல்றவங்க இதைக் கவனிக்கணும்.

தேக்காமுனை:
கணக்குப்பிள்ளை ஐயா, உங்க பேங்க் அந்நியச் செலாவணிக்கு மேல வைக்கிற சதவீதத்தை எங்க விட்டீங்க? அப்புறம், அது 60 காசு. 5 வெள்ளி. இங்க தமிழ்ல டாலரை வெள்ளின்னுதான் சொல்வோம்.

நெல்லைத்தம்பி:
5 வெள்ளின்னா 5 வெள்ளிக்கிழமையா அண்ணே? ஒரு மாசம் ஆகுமே.

தேக்காமுனை:
தம்பி, சிங்கப்பூர்த் தமிழ் வானொலியில செய்தி கேட்டுப் பாரு, வெள்ளின்னுதான் சொல்வாங்க. கிண்டல் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கேட்டுப் பழகணும்.

நெல்லைத்தம்பி:
ரூபாயை நாங்க தங்கம்னா சொல்றோம்?

தேக்காமுனை:
"ரூபாய்"ங்கிற சொல்லே வெள்ளியில இருந்து வந்ததுதான். ரூப்யம்னா வெள்ளி.

வாசுகி கோவை:
அண்ணா, இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு இந்த போன் சண்டையே வேண்டாம். நம்ம ஊர் கூகுள் பே யூபிஐ, அதை கேட்ல தட்ட முடியாது. பிளாஸ்டிக் கார்டை எடுத்துக்குங்க. அதுவும் அப்படியே எடுத்துட்டுப் போனா வேலை செய்யாது. 2020 ரிசர்வ் வங்கி விதிப்படி, புதுக் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்துற வசதியும் மூடித்தான் வரும். பேங்க் செயலியில கார்டு அமைப்புக்குள்ள போய் ரெண்டையும் தனித்தனியா திறக்கணும். முதலாவதைத் திறந்துட்டு இரண்டாவதை மறந்தா கடையில சொருகினா வேலை செய்யும், கேட்ல செய்யாது. கார்டு ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்க. ஆளுக்கு ஒரு கார்டும் வேணும், ஒரே கார்டைத் தட்டி ரெண்டு பேர் உள்ளே போக முடியாது.

பயணப்பித்தன்:
அப்போ புருஷன் போனையும், பொண்டாட்டி அதே அக்கவுண்டோட கார்டையும் தட்டினா?

தேக்காமுனை:
போகலாம். ரெண்டு பேரும் போகலாம். ஏன்னா அது ரெண்டு வேற நம்பர்! நீங்களே வாயாலே ஒத்துக்கிட்டீங்க.

பயணப்பித்தன்:
பார்த்தீங்களா, வேலை செய்யுது! ஒரே அக்கவுண்ட்ல ரெண்டு பேர். இதைத்தானே நானும் சொன்னேன்.

தேக்காமுனை:
நீங்க சொன்னது அதுவே இல்லை. சரி, பஸ்ஸை விடுங்க, பஸ், ரயில் மாறிப் போறதைப் பாருங்க. இங்க கட்டணம் மொத்த தூரத்துக்கு. பஸ்ஸில் இறங்கி 45 நிமிஷத்துக்குள்ள அடுத்த பஸ்ஸோ ரயிலோ ஏறினா ஒரே பயணமாச் சேரும், 2 மணி நேரத்துக்குள்ள 5 தடவை மாறலாம். அடுத்தடுத்து ஒரே நம்பர் பஸ்ஸில் ஏறக்கூடாது. எல்லாத்துக்கும் முதல் நிபந்தனை, அதே கார்டு. நடுவுல போனுக்குத் தாவினா சங்கிலி அறுந்தது, அடுத்தது ஆரம்பக் கட்டணத்துல இருந்து புதுசா. காசு போட்டு ஏறினாலும் இந்தச் சலுகை கிடையாது, சில்லறையும் திருப்பித் தரமாட்டாங்க. பர்ஸோட அப்படியே தட்டுறவங்களுக்கும் இதே கதை. உள்ளே 3 கார்டு இருந்தா ஏறும்போது ஒண்ணைப் படிக்கும், இறங்கும்போது இன்னொண்ணு. ஒரு கார்டை வெளியே எடுத்துத் தட்டுங்க.

கணக்குப்பிள்ளை:
என் 8 நாள் கணக்குக்குப் பதில் வரவே இல்லை. செலாவணிச் சதவீதம் சேர்த்தாலும் 4 நாளைக்கு பேங்க் கார்டுதான்.

பயணப்பித்தன்:
இவர் இப்படித்தான். சாங்கி ஏர்போர்ட்ல இருந்து ஒரு தடவை எக்ஸ்போ ஸ்டேஷன்ல மாறினா டவுன்டவுன் லைன் நேரா லிட்டில் இந்தியா போகும்னு நான் அன்னைக்கு எழுதினப்பவும் பாய்ஞ்சாரு. போகுதா இல்லையா?

தேக்காமுனை:
போகும், ஊரைச் சுத்தி. அந்த லைனோட வரைபடத்தைப் பாருங்க. ஜாலான் புசார் ஸ்டேஷன் நம்பர் டிடி22, லிட்டில் இந்தியா டிடி12. ரெண்டும் நடக்கிற தூரம். ஆனா ரயில் ஜாலான் புசாரைத் தாண்டி பென்கூலன், ஃபோர்ட் கேனிங், சைனாடவுன், தெலுக் ஆயர், டவுன்டவுன், பேஃபிரண்ட், புரோமனாட், பூகிஸ், ரோச்சோர்னு 9 ஸ்டேஷன் வளைஞ்சு வந்து 10ஆவதா விடும். பெட்டியோட வர்ற ஆள் 'தானா மேரா' ஸ்டேஷன்ல பச்சை லைன் மாறி, பூகிஸ்ல நீல லைன் (அதே டவுன்டவுன் லைன்) பிடிச்சா அடுத்து ரோச்சோர், அதுக்கடுத்து லிட்டில் இந்தியா. மாறுறது ரெண்டு தடவை, ஆனா அந்த வளையத்தைச் சுத்த வேண்டாம்.

பயணப்பித்தன்:
பெட்டியோட வர்றவனுக்கு ரெண்டு தடவை மாறுறது சுகமா, ஒரு தடவை மாறி உட்கார்ந்து வர்றது சுகமா? ஏசி ரயில், தண்ணி குடிக்கக் கூடாதுங்கிறதைத் தவிர என்ன கஷ்டம்?

தேக்காமுனை:
கேள்வி சுகம் பத்தினது இல்லை. "நேரா"ங்கிற சொல் பத்தினது.

நெல்லைத்தம்பி:
இப்போ டாலர் போய் "நேரா" வந்துருச்சு.

வாசுகி கோவை:
பஸ் ஸ்டாப்ல கை காட்டலேன்னா பஸ் நிக்காம போயிடும்ங்கிறதையும் யாராவது சொல்லுங்க. நம்ம ஊர்ல கூட்டத்தைப் பார்த்தாலே நிறுத்துவாங்க, அங்க நிறுத்தமாட்டாங்க.

பயணப்பித்தன்:
கடைசியாக் கேக்கிறேன். ஒரே அக்கவுண்டா, இல்லையா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.

தேக்காமுனை:
வேற நம்பர்.

பயணப்பித்தன்:
ஒரே அக்கவுண்ட்.

கணக்குப்பிள்ளை:
8 நாள்.

நெல்லைத்தம்பி:
0.9 மீட்டருக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு டிக்கெட் இல்லைன்னு போட்டிருக்கே, செருப்போட அளப்பாங்களா, கழட்டிட்டா?

தேக்காமுனை:
அதுக்குத் தனி இழை ஆரம்பி தம்பி. இங்க இன்னும் முடியல.