ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2: விண்டோஸ் 10இல் லேன் (உள் வலையமைப்பு) ஆட்டம் தெரியவில்லை, உதவுங்கள்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய கேம் ஓட்டுகிற அண்ணாமார், அக்காமார் யாராவது பாருங்கள்.

1999 டிஸ்க் பதிப்பு, 2000இல் வந்த கொன்கரர்ஸ் விரிவாக்கத்தோடு. இரண்டு மடிக்கணினி, நடுவில் ரவுட்டர். தனியாட்டம் அருமையாக ஓடுகிறது. முதலில் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரிந்தது. கேம் 256 நிறத்தை நம்பி எழுதப்பட்டது, புது விண்டோஸ் அந்த நிறத்தட்டைக் குழப்பிவிடும். பழைய கேம்களின் படத்தைப் புது விண்டோஸில் சரியாகக் காட்டும் சிஎன்சி-டிடிரா கோப்புகளை கேமின் இஎக்ஸ்இ இருக்கும் உட்கோப்புறையிலேயே போட்டதும் சரி. பழைய கேம்கள் வலையமைப்பில் பேசிக்கொள்ளப் பாவிக்கும் டைரக்ட்பிளேயும் விண்டோஸ் அம்சங்களில் டிக் போட்டாயிற்று.

சிக்கல் லேனில்தான். ஒன்றில் ஆட்டம் திறந்தால் மற்றதில் பட்டியல் வெறுமை. ஐபிஎக்ஸ் என்ற பழைய வலையமைப்பு நெறிமுறை விண்டோஸ் விஸ்டாவோடேயே போய்விட்டது, அதனால் டிசிபி/ஐபிதான் பாவிக்கிறோம். ஃபயர்வாலில் டிசிபி போர்ட் 47624, அதோடு 2300 முதல் 2400 வரை டிசிபி, யூடிபி இரண்டும் திறந்திருக்கின்றன. பிங் போகிறது, அதாவது இரண்டு மெஷினும் ஒன்றையொன்று அடைகின்றன.

ஒரு மெஷினில் வர்ச்சுவல்பொக்ஸ் (கணினிக்குள் கணினி ஓட்டும் மென்பொருள்) போட்ட மெய்நிகர் நெட்வேர்க் அடாப்டரும் உண்டு. டைரக்ட்பிளே அதன் முகவரியைப் பிடிக்கிறதோ என்று சந்தேகம். அதை முடக்காமல், அதன் மெட்ரிக் எண்ணைக் (எந்த அடாப்டருக்கு முன்னுரிமை என்று விண்டோஸ் பார்க்கும் எண், சிறியதே முதலில்) கூட்டினால் மட்டும் போதுமா? செய்து பார்த்தவர்கள் எந்த எண் வைத்தீர்கள்?

புதுப் பதிப்பை வாங்கச் சொல்லாதீர்கள். டேட்டா கொஞ்சம்தான், இந்த டிஸ்க்கே ஓட வேண்டும்.