சுண்ணாம்புச் சுவரின் மேல் குவிமாடம்: வளைய உத்தரம் குறித்து உதவி தேவை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில் உள்ள, நூறாண்டு கடந்த அரசுக் கட்டடம் ஒன்றின் நடுக்கூடத்தின் மேல் 8 மீட்டர் விட்டத்தில் அரைக்கோளக் குவிமாடம் எழுப்ப முடிவாகியுள்ளது. அதன் கட்டமைப்புக் கணக்கு என் பொறுப்பு. ஆறு வாரங்களாக ஓரிடத்திலேயே நிற்கிறேன்.

சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக 60 செ.மீ. கனம், அடியில் கருங்கல் கடைக்கால். வடகிழக்கு மூலையில், கூரையடியிலிருந்து ஜன்னல் வளைவு வரை ஒரு விரிசல் இறங்குகிறது. அது இன்னும் அசைகிறதா என்று அறிய அதன் குறுக்கே நான் ஒட்டிய மூன்று கண்ணாடித் துண்டுகளில் ஒன்று, இரண்டு நாள் மழைக்குப் பின் முடியளவு கீறியிருந்தது. துளையிட்டு எடுத்த காரையோ விரலிடையே மாவாக உதிர்ந்தது.

23 செ.மீ. கனத்தில் செங்கல் குவிமாடம் என்றால் எடை ஏறத்தாழ 43 டன். அதைச் சுவர் தாங்கிவிடும், தாங்காதது உதைப்பு, அதாவது குவிமாடம் சுவரை வெளிப்புறமாகத் தள்ளும் விசை. உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே வளையத் திசையில், அதாவது குவிமாடத்தைச் சுற்றி கிடைமட்டமாக, இழுவிசை எழுகிறது, செங்கல் அதற்கு ஆகாது. ('நாயக்கர் மகால் நிற்கவில்லையா' என்று கேட்பவர்களுக்கு: அங்கே குவிமாடத்துக்கென்றே பருத்த தூண்கள் வைத்துக் கட்டினார்கள்.)

விரிசலில் சுண்ணாம்புக் கூழ் செலுத்திப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் இறுகியது, உதைப்புக்கு அது தீர்வாகவில்லை. எஃகுச் சட்டகத்தின் மேல் மெல்லிய உறை என்றும் கணக்கிட்டேன். எடை குறைந்தது, ஆனால் காற்றின் தூக்குவிசைக்கு நங்கூரம் பிடிக்க இந்தக் காரையில் வலுவில்லை. எஞ்சியிருப்பது, உதைப்பை ஏற்கச் சுவர்த்தலையைச் சுற்றி ஓடும் கான்கிரீட் வளைய உத்தரம். அது வெயிலில் விரிந்து சுருங்கும்போது கீழ்வரிசைச் செங்கற்களை இழுத்துப் பிளக்குமோ என்பதே அச்சம்.

இத்தகைய சுவரில் வளைய உத்தரம் அமைத்து, மூன்று நான்கு கோடைகள் கண்டவர்கள், உத்தரத்துக்கும் பழைய சுவருக்கும் இடையில் என்ன வைத்தீர்கள்?