வயதாவதை வேறு கண்ணால் பார்க்க முடியுமா?

நடுவழி:
எனக்கு 52 வயது. அண்மையில் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டார்கள், அது பரவாயில்லை. பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்ததுதான் தாங்கவில்லை. உட்கார்ந்தேன், வேறு என்ன செய்வது! அன்றிலிருந்து மனம் எதையோ கழித்துக்கொண்டே இருக்கிறது. ‘வயது வெறும் எண்’ என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்பவர்கள் எல்லாரும் முப்பதைத் தாண்டாதவர்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். முதுமையை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

கணக்கு டீச்சர்:
தம்பி, எனக்கு 71. பழைய தொழில் புத்தி, கோபிக்காதீர்கள்: உங்கள் கணக்கே தப்பு. ஐம்பது வரை ஏற்றம், பிறகு இறக்கம் என்று ஒரே கோடாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். உடம்பில் அப்படி ஒரு கோடு கிடையாது. கண்ணின் லென்ஸ் சிறு வயதிலிருந்தே இறுகிக்கொண்டுதான் வருகிறது. எழுத்து மங்கும் அளவுக்கு வர நாற்பது தாண்டுகிறது, அவ்வளவே. மிகக் கீச்சான ஒலிகளைக் கேட்கும் திறன் இருபதுகளிலேயே குறையத் தொடங்கிவிடும். அதற்காக எந்த இளைஞனும் அழுது நான் பார்த்ததில்லை. 2015இல் ஹார்ட்ஷோர்னும் ஜெர்மைனும் வெளியிட்ட ஆய்வின்படி, தகவலைச் சட்டென்று கையாளும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சம் தொட்டுவிடுகிறது. சொல்வளமோ அறுபதுகளிலும் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நாள்காட்டி. எல்லாம் ஒருசேர உச்சத்தில் இருந்த வயது எனக்கு வாய்த்ததில்லை, உங்களுக்கும் வாய்த்திருக்காது. பிறகு எங்கிருந்து இறங்குகிறீர்கள்?

இரவுப்பணி:
அம்மா, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 84 வயது அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு எல்லா நாள்காட்டியும் ஒன்றாகவே கிழிகின்றன. என் பெயரே மறந்துபோனவரிடம் சொல்வளத்தைப் பற்றி என்ன பேசுவது?

கணக்கு டீச்சர்:
இழப்பே இல்லை என்று நான் எழுதவில்லையே அம்மா. என் கணவரையும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். வயது கூடக் கூட மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, உண்மை. ஆனாலும் அது நோய். வயதான எல்லாருக்கும் வந்தே தீரும் ஒன்றல்ல. தம்பி கேட்டது வயதைப் பற்றி. உங்கள் பாரம் வேறு, அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள். நான் வருகிறேன்.

மூட்டுக்காரன்:
இயன்முறை மருத்துவன் நான். 1990இல் மரியா ஃபியாடரோன் குழுவினர், தொண்ணூறை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் சிலருக்கு 8 வாரம் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறு குழுதான், இருந்தாலும் தொண்ணூறிலும் தசை சொன்னபடி கேட்கிறது. நடுவழி, உங்களுக்கு 52தான். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காருங்கள்.

நடுவழி:
டீச்சர், கழித்தலை நிறுத்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எதிலிருந்து கழிக்கிறேன் என்பதுதான் இப்போது குழப்பமாக இருக்கிறது. மூட்டுக்காரரே, எழும்போது முழங்காலில் ‘கடக்’ என்று சத்தம் வருகிறது. தொடரலாமா?

மூட்டுக்காரன்:
வலியோ வீக்கமோ இல்லாத சத்தம் என்றால் தொடரலாம். வலித்தால் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.