சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

ஈசூன்வாசி கேட்டது:
தங்கையின் பிரசவத்தை முன்னிட்டு, வரும் ஜூன் மாதம் என் அம்மா சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கு, இடையில் எங்கும் நிற்காத விமானத்தில் தனியாகச் செல்லவிருக்கிறார். இணையத்தில் தொலைவைக் கணக்கிட்டபோது 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பறக்கும் நேரம் 17 மணி என்று வந்தது. பயணச்சீட்டிலோ இரவு 11:30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6:15க்குச் சேரும் என்றிருக்கிறது. அதைப் பார்த்த அம்மா, "ஏழு மணி நேரம்கூட இல்லையே, சென்னைக்குப் போய்த் திரும்பும் நேரம்தானே" என்கிறார். அவருக்கு முட்டிவலி உண்டு. உண்மையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும்?

உலக உருண்டை:
சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்பட்டவை. ஜூனில் நியூயார்க், சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும் (குளிர்காலத்தில் 13). ஆகவே 6 மணி 45 நிமிடத்துடன் 12 மணியைக் கூட்டினால் 18 மணி 45 நிமிடம்.

தொலைவை நீங்களே சரிபார்க்கலாம். இவ்விரு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய நேரெதிராக அமைந்திருப்பதால், உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடதுருவத்தை ஒட்டியே செல்லும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, ஆக மொத்தம் 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,346 வருகிறது. அதை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்ததுதான் நீங்கள் பார்த்த 17 மணி.

வால்காற்று:
கணக்கு சரி, ஆனால் விமானம் அந்த நூலின் மீது பறப்பதில்லை. நியூயார்க் செல்லும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி வடபசிபிக்கைக் கடக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் தாரைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், தொலைவு கூடினாலும் எரிபொருள் மிச்சமாகிறது. போகும்போது காற்று உதவினால் வரும்போது எதிர்க்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தத் தடத்தில் அப்படியல்ல: திரும்பும் விமானம் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவதால், போய்த் திரும்புபவர் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். தவிர, சீட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அடக்கம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல், நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் விமான நிலையத்திற்கு இத்தகைய நேரடிச் சேவையைத் தொடங்கியபோது பயன்படுத்திய நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 எரிபொருளைக் குடித்துத் தீர்த்ததால் 2013இல் சேவை நின்றது. இரண்டு எஞ்சின் ஏ350-900 விமானத்தின் நெடுந்தொலைவு வகை வந்த பிறகே, 2018இல் அது மீண்டும் தொடங்கியது.

இருமுறை சென்ற பாட்டி:
தம்பி, அந்த நெடுந்தொலைவு வகை விமானத்தில் மொத்தமே 161 இருக்கைகள்; சாதாரண வகுப்பு கிடையாது என்பதால் கால் நீட்டக் கொஞ்சம் இடம் இருக்கும். ஆயினும் சன்னலோரம் வேண்டாம், நடைபாதை ஓர இருக்கையையே கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பின்பக்கச் சமையல்கட்டு வரை நான் நடந்து வந்தேன், அப்படியும் இறங்கும்போது செருப்பு இறுக்கமாகத்தான் இருந்தது. சக்கர நாற்காலியை இன்றே பதிவு செய்துவிடுங்கள்.

ஈசூன்வாசி:
அனைவருக்கும் நன்றி. இருக்கையை மாற்றி, நாற்காலியும் பதிவு செய்துவிட்டேன். மகளின் உலக உருண்டையில் நூலைப் பிடித்துக் காட்டியதும், அம்மா கம்பளிச் சால்வையைத் தேடத் தொடங்கிவிட்டார்.