ப்ளஷ் தண்ணீரில் நாற்றம்: எஸ்டிபியை விட்டுவிட்டு போர் தண்ணீருக்கு மாறலாமா?

கேள்வி:
60 வீட்டுக் குடியிருப்பு, குடிவந்திருப்பது 36 வீடு, சுமார் 130 பேர். கழிவுநீரைச் சுத்திகரித்து ப்ளஷ்ஷுக்கு விடுகிறோம். ஒரு நாளைக்கு 40,000 லிட்டர் எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்), காற்று ஊதிச் சுத்திகரிக்கும் ஏரேஷன் டேங்க் வகை. காலையில் ப்ளஷ் செய்தால் அழுகிய முட்டை நாற்றம். கரண்ட் பில்லுக்காக, காற்று ஊதும் ப்ளோயரை இரவு 11 முதல் 5 வரை நிறுத்துகிறோம். ஹைப்போவை (குளோரின் மருந்து) கூட்டியும் பயனில்லை. போர் தண்ணீருக்கே மாறலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கோளாறு எங்கே?

பதில் 1:
அந்த ஆறு மணி நேரத்தில்தான் சார். காற்று நின்றால் ஸ்லட்ஜ் (கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் நிறைந்த சேறு) அடியில் படிந்துவிடும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனும் சீக்கிரமே தீரும். பிறகு காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா கிளம்பி ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும். முட்டை நாற்றம் அதுதான். டைமர் போட்டு, இரவில் ஒன்றரை மணி நேரம் ஓட்டம், அரை மணி நேரம் ஓய்வு என்று வையுங்கள். கரண்டும் ஓரளவு மிச்சமாகும்.

ப்ளோயர் ஓடும்போது ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, அளவுக் குடுவையில் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். படிவு 250 முதல் 350 மில்லி, காப்பித்தூள் நிறம், மேலே தெளிந்த நீர், மழை பெய்த மண் வாசனை: நல்ல நிலை. கறுப்பாக இருந்தால் காற்று போதவில்லை. 100 மில்லிக்குக் கீழே என்றால் ஸ்லட்ஜை வெளியேற்றாதீர்கள். நன்றாக ஓடும் வேறு எஸ்டிபியிலிருந்து ஒரு லோடு வாங்கி ஊற்றுங்கள். 500-ஐத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற வேண்டும்.

பதில் 2:
ஹைப்போ எந்த இடத்தில் விழுகிறது?

கேட்டவர்:
மணல் ஃபில்டருக்கு முன்னால்.

பதில் 2:
அப்படியானால் கூட்டியும் வீண். அடுத்திருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினை முழுக்க உறிஞ்சிவிடும். கார்பனுக்குப் பிறகு, சுத்திகரித்த நீர்த் தொட்டியில் விழட்டும். கடைசி வீட்டு ப்ளஷ் டேங்கில் சோதித்தால் 0.5 முதல் 1 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு ஃபில்டரையும் தினமும் 10 நிமிடம் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவுங்கள்.

மொட்டை மாடி டேங்க் எவ்வளவு?

கேட்டவர்:
ப்ளஷ்ஷுக்கு மட்டும் 20,000 லிட்டர்.

பதில் 2:
ப்ளஷ்ஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர் என்று கட்டட விதித்தொகுப்பு கணக்கிடுகிறது. 130 பேருக்கு 5,850. உங்கள் தண்ணீர் மூன்று நாளுக்கு மேல் மாடியில் தேங்கிக் கெட்டுப்போகிறது! டேங்க் நிரம்பும் மட்டத்தைக் காட்டும் ஃப்ளோட்டை இறக்கி, ஒரு தடவைக்கு 3,000 லிட்டராக, நாளைக்கு இரண்டு முறை ஏற்றுங்கள். அடியில் படிந்த சேற்றை முதலில் கழுவிவிடுங்கள்.

பதில் 3:
போருக்கு மாறுவது சரியான வழியே இல்லை. தினமும் 5,850 லிட்டர் நிலத்தடி நீர் கழிப்பறையில் போகும், கோடையில் அது உறைக்கும். அவசரத்துக்கு வேண்டுமென்றால், போர் பைப்பை ப்ளஷ் லைனில் வால்வு வைத்து நேரடியாக இணைக்காதீர்கள். வால்வு கசிந்தால் கழிவுநீர் நல்ல தண்ணீரில் கலந்துவிடும். டேங்கின் மேல்விளிம்புக்கு மேலே, இடைவெளி விட்டுக் கொட்டட்டும்.

ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறையில் கழுவ வைக்கும் கைக்குழாய்) எல்லா வீட்டிலும் நல்ல தண்ணீர் லைனில்தான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்வேலை மாற்றும்போது பிளம்பர்கள் தவறிப்போகும் இடம் அது. ப்ளஷ் லைன் வால்வை மூடிவிட்டு ஃபாசெட்டை அழுத்துங்கள். தண்ணீர் நின்றுபோனால் இணைப்பு தப்பு, அன்றே மாற்றுங்கள்.