பதிப்பகப் பயிற்சி: இன்னும் மண்டையைக் குடையும் ஒன்றைச் சொல்லுங்கள்

(இணைய உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கொம்புக்கால்

வௌியீடு.

மேலே இருக்கும் சொல்லை இன்னொரு தடவை பாருங்கள். சில எழுத்துருக்களில் சரியாகவே தெரியும். ஆனால் அது வெளியீடு இல்லை. வௌ என்ற எழுத்தின் மேல் ஓர் இகரக் குறி ஏறி உட்கார்ந்திருக்கிறது. நூல் விவரப் பக்கத்தில், பதிப்பகத்தின் பெயருக்கு நேர் கீழே இப்படி நின்றால் யார் கண்ணிலும் படாது. மின்னூலில் அதே சொல்லைத் தேடும்போதுதான் "இல்லை" என்று வரும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை, இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றும் வேலை பயிற்சிக்கு வந்தவர் தலையில்தான் விழும், உங்களுக்குத் தெரியாததில்லை. பாமினியில் ஔகாரத்தைக் கொம்பு, எழுத்து, பிறகு சாதாரண ள என்று அடிப்பதுதான் வழக்கம். எது ஔகாரக் குறி, எது உண்மையான ள என்று மாற்றும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஒரு வகை மென்பொருள் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும். வெளியீடு, வெள்ளம், தெளிவு எல்லாம் கெடும். இன்னொரு வகை எதையும் தொடாது. கௌரவமும் மௌனமும் கெளரவம், மெளனம் என்று நிற்கும்.

ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று முதலில் தேடுங்கள்: ௌி, ௌு, ௌ். ஓர் எழுத்தின் மேல் இரண்டு குறி ஏறாது, ஆகவே கிடைப்பதெல்லாம் பிழைதான். ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாம். மிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வௌவால் சரியான சொல், அதைத் தொடக் கூடாது. வட்டார வழக்கு உரையாடலில் "வெளக்கு" வந்தால் அதையும் தொடக் கூடாது. ஔவையாரைத் தனியாகத் தேடுங்கள், பாதிக் கோப்புகளில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத்தான் இருப்பார்.

இன்னொன்று: கோப்புக்குள் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றும்போது அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அடிக்குறிப்புகளிலும் நூற்பட்டியலிலும் இது அதிகம்.

ஃபாரம்16

322.

லேஅவுட் முடிந்து வந்து நின்ற எண் இது. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுதான் ஃபாரம். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் 20 ஃபாரம் 320-இல் முடிந்துவிட்டது. மிச்சம் 2 பக்கம். அந்த இரண்டுக்காக இன்னொரு செட் பிளேட் (அச்சுத் தகடு), இன்னொரு ஓட்டம், இன்னொரு மடிப்பு. அல்லது நூலின் வாலில் 14 வெற்றுப் பக்கங்கள். "320-க்குள் கொண்டுவா" என்று தாள்கட்டைக் கையில் திணித்துவிட்டுப் பதிப்பாசிரியர் போய்விடுவார்.

முழுப் புத்தகத்தையும் நெருக்கக் கூடாது. ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டுங்கள். மூன்று நான்கு வரிகள் மட்டும் தொங்கும் பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் எப்போதும் வலப்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி இருக்கும் புத்தகமானால் அதிர்ஷ்டம்தான். அந்த மூன்று வரி ஒரு வலப்பக்கத்தில் தொங்கினால் அடுத்த இடப்பக்கம் காலியாகக் கிடக்கும். மூன்று வரியைக் காப்பாற்றினால் ஒரே அடியில் 2 பக்கம் மிச்சம்.

வரியைக் காப்பாற்றுவதற்கு, அதே அத்தியாயத்தில் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் மட்டும் நிற்கும் பத்திகளைத் தேடுங்கள். அந்தப் பத்திக்கு மட்டும் எழுத்து இடைவெளியை (லேஅவுட் மென்பொருளின் 'டிராக்கிங்' அளவில்) −5 அல்லது −10 குறைத்தால் அந்தச் சொல் மேல்வரிக்கு ஏறிவிடும். இப்படி மூன்று பத்தி போதும். முடிந்த பிறகு பொருளடக்கத்தின் பக்க எண்கள், "பார்க்க: பக்கம் இத்தனை" என்று உள்ளே வரும் குறிப்புகள், சொல்லடைவு எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பக்கம் குறைந்த சந்தோஷத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள்.

சிவப்புப்பேனா

கொம்புக்கால் சொல்வது எழுத்துரு மாற்றம்; மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் தாளில் பிழை பார்ப்பது, வேறு. தேடு-மாற்று போட்டுவிட்டால் பிரதி சுத்தமாகிவிட்டது என்று புதிதாக வருபவர்கள் நம்பிவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஒரு நாவலின் கடைசி வரி காணாமல் போயிருந்தது. முதல் மெய்ப்பில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. யாரும் நீக்கவில்லை. கடைசி அத்தியாயத்தின் நடுவில் எழுத்தாளர் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். பத்தி ஒரு வரி நீண்டது, எல்லாம் ஒரு வரி கீழே இறங்கின, கடைசிப் பக்கம் ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பியிருந்தது. மிஞ்சிய வரி எழுத்துப் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. லேஅவுட் மென்பொருளான இன்டிசைனின் திரையில் பெட்டியின் கீழ் வலது மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி காட்டும். பிடிஎஃப்-இல் அந்தக் குறி வராது. வரியும் வராது.

ஆகவே இரண்டாம் மெய்ப்பில் திருத்தம் ஏறிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 300 பக்கப் புத்தகத்தையும் வேகமாக முடித்துவிடலாம். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கிருந்து அத்தியாய முடிவுவரை வரி வரியாகப் படிக்க வேண்டும். திருத்தம் ஏறிய வரியை மட்டுமல்ல, அதன் மேல்வரி கீழ்வரியையும் படியுங்கள். ஒரு பிழையைத் திருத்தும் கை பக்கத்திலேயே இன்னொன்றை விதைப்பது அன்றாட நடப்பு.

தலைப்புகளை மட்டும் தனியாக ஒரு சுற்று. உடலெழுத்தில் ஒற்றுப் பிழையைப் பிடிக்கும் கண் 24 புள்ளி அளவிலுள்ள அத்தியாயத் தலைப்பைப் படிக்காமலே தாண்டிவிடும்.

கொம்புக்கால்

மெய்ப்பு வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ௌி-ஐ மெய்ப்பில் கண்ணால் பிடிக்க முடியாது என்பதுதானே விஷயம்.

முதுகுப்பக்கம்

அட்டை லேமினேட் ஆகி, புத்தகமும் ஒட்டி முடிந்த பிறகு பார்த்தால் முன்னட்டையின் ஓரம் முதுகுக்கு ஏறி, முதுகுத் தலைப்பு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். 16 மி.மீ. முதுகுக்குச் செய்த அட்டை, 23 மி.மீ. புத்தகத்தில் ஏறிவிட்டது. இரண்டுமே 320 பக்கம். இரண்டுமே 80 ஜிஎஸ்எம். எடை ஒன்றாக இருந்தால் தடிமனும் ஒன்றாக இருக்கும் என்ற நினைப்புதான் காரணம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். தடிமனுக்கு தாளின் பல்க் எண் (எடைக்கு எவ்வளவு தடிமன் என்பது) தெரிய வேண்டும். கணக்கு இது: பக்கங்கள் × ஜிஎஸ்எம் × பல்க் ÷ 2000 = முதுகு மில்லிமீட்டரில். பல்க் 1.25 உள்ள தாளில் 320 × 80 × 1.25 ÷ 2000 = 16. பல்க் 1.8 உள்ள உப்பலான நாவல் தாளில் அதே கணக்கு 23-ஐத் தொடும். அட்டையின் தடிமனை இரண்டு முறை கூட்ட மறக்காதீர்கள். தாள் மாறினால் முதுகும் மாறும். "அந்தத் தாள் கிடைக்கவில்லை, இதைப் போடுகிறோம்" என்று அச்சகத்திலிருந்து வரும் தகவல் அட்டை வடிவமைப்பாளருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது பயிற்சியாளரின் வேலைதான், யாரும் சொல்லாவிட்டாலும். சந்தேகம் இருந்தால் அதே தாளில் அச்சில்லாத டம்மி ஒன்றைக் கட்டித் தரச் சொல்லி அளந்துவிடுங்கள்.

முதுகு 6 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அதில் எழுத்தே வைக்காமல் விடுவது நல்லது. ஒட்டும்போது ஒரு மில்லிமீட்டர் இங்குமங்கும் நகர்வது சகஜம். அதே காரணத்துக்காக முதுகுக்கு மட்டும் தனி நிறம் கொடுத்து, மடிப்புக் கோட்டில் நிறத்தை வெட்டி நிறுத்தாதீர்கள்.

கைப்பிரதிவாசி

எல்லாரும் அச்சுப் பக்கமே பேசுகிறீர்கள். குவிந்து கிடக்கும் கைப்பிரதிகளுக்கு வாசிப்புக் குறிப்பு எழுதுவதுதான் பயிற்சியில் கடினமான வேலை. இரண்டரைப் பக்கக் குறிப்பு ஒன்று, முழுக்கக் கதைச் சுருக்கம். கடைசி வரி: "நன்றாக இருக்கிறது." பதிப்பாசிரியர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் வைத்த விதம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் வரியிலேயே முடிவு: வெளியிடலாம், திருத்திக் கொடுத்தால் பார்க்கலாம், வேண்டாம். பிறகு என்ன வகை, சொல் எண்ணிக்கை எவ்வளவு, யார் படிப்பார்கள். சொல் எண்ணிக்கை முக்கியம். 40,000 சொல் நாவலுக்கும் 1,40,000 சொல் நாவலுக்கும் முடிவெடுக்கும் முறையே வேறு. கதைச் சுருக்கம் ஐந்து வரி, முடிவையும் சேர்த்து. பின்னட்டைக் குறிப்பு மாதிரி முடிவை மறைத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள்; ஆசிரியரிடம் எதற்கு மர்மம்? பிறகு, பிரதி எங்கே வலுக்கிறது, எங்கே தொய்கிறது என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். "நடுப்பகுதி இழுக்கிறது" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "பக்கம் 90 முதல் 130 வரை புதிதாக எதுவும் நடக்கவில்லை, இரண்டு திருமணக் காட்சிகளில் ஒன்று போதும்" என்று எழுதினால் அதை எழுத்தாளருக்கு அப்படியே அனுப்பலாம். பிரதியிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்து வையுங்கள். நடை எப்படி என்று பத்து வரியில் வர்ணிப்பதைவிட அந்த ஒரு பத்தி அதிகம் சொல்லும்.

பாடல் வரிகள், பிறர் கவிதைகள், படங்கள் உள்ளே இருந்தால் பக்க எண்ணோடு தனிப் பட்டியல் போடுங்கள். அனுமதி வாங்க மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. பிரதி ஏற்கப்பட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட முதல் வாசிப்பிலேயே குறித்துவிடுவது மேல்.

உங்களுக்குப் பிடிக்காத வகை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பேய்க்கதை பிடிக்காதவர் பேய்க்கதைக்கு எழுதும் குறிப்பை ஆசிரியர் அதற்கேற்பத் தள்ளுபடி செய்து படித்துக்கொள்வார்.

கோட்டுக்குறி

சிவப்புப் பட்டைக்குறி (பார்கோடு). அட்டை சிவப்பு, அழகாக இருக்கட்டும் என்று வெள்ளைப் பெட்டிக்குள் பட்டைக்குறியையும் சிவப்பாக்கியிருந்தார்கள். ஸ்கேனரின் ஒளி பெரும்பாலும் சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான், எதையும் படிக்காது. வெள்ளையில் கறுப்பு, அதற்கு மேல் கலை வேண்டாம். முழு அளவு 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது, இரு பக்கமும் உள்ள வெற்றிடத்தையும் வெட்டக் கூடாது.

நூலுக்குரிய சர்வதேசத் தர எண்ணான ஐஎஸ்பிஎன்-இன் 13 இலக்கங்களையும் கையால் ஒருமுறை சரிபாருங்கள். இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் கூட்டுத்தொகை 0-வில் முடிய வேண்டும். முடிந்தாலும் நிம்மதி வேண்டாம்: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் சரியாக 5 ஆக இருந்தால் (2-உம் 7-உம், 1-உம் 6-உம்) கூட்டுத்தொகை அப்போதும் 0-வில்தான் முடியும். 2007-க்கு முந்தைய 10 இலக்க முறையில் இந்த ஓட்டை இல்லை. எனவே எண்ணை ஒதுக்கீட்டுக் கடிதத்திலிருந்து நேராகப் படித்து ஒப்பிடுங்கள். நூல் விவரப் பக்கத்தில் ஒன்று, பின்னட்டையில் ஒன்று என்று இரண்டு எண் நிற்கும் புத்தகங்கள் பெரும்பாலும் கெட்டி அட்டைப் பதிப்பின் எண்ணைச் சாதா அட்டைக்கு எடுத்து ஒட்டியதால் வருபவை. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண்.

டிடிபிக்காரர்

ஃபாரம்16-க்கு: −10 எல்லாம் தமிழில் ஆபத்துங்க. ஆங்கிலத்துக்கு எழுதி வச்ச அளவு அது. எழுத்துரு ஏற்கெனவே நெருக்கமா இருந்தா ணகரமும் றகரமும் பக்கத்து எழுத்தோட முட்டும், புள்ளி எதோட புள்ளின்னே தெரியாது. −5 கூட எழுத்துருவைப் பார்த்துத்தான். சொல் இடைவெளியைக் குறைக்கப் பாருங்க, அது கண்ணுக்குத் தெரியாது.

தமிழ்ச் சொல் நீளம், பத்தியை இருபுறமும் நேராக்கினா வரிக்கு மூணு சொல்லும் பெரிய ஓட்டையும்தான் மிஞ்சும். சொல்லை வரி முடிவில் உடைக்க அனுமதிச்சாலே பாதிப் பத்திகளில் ஒரு வரி தானா மிச்சமாகும். ஒரே கண்டிப்பு, அடுத்த வரி புள்ளி வச்ச எழுத்தில் தொடங்கக் கூடாது. "பார்க்கிறார்கள்" உடையணும்னா "பார்க்-கிறார்கள்"தான், "பார்-க்கிறார்கள்" கிடையாது. இன்டிசைன்ல வேர்ல்ட்-ரெடி கம்போசரை (தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியா அடுக்குற அமைப்பு) போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் உட்காரும்.

டிஜிட்டல் அச்சுன்னா இந்த 16 பஞ்சாயத்தே இல்லை. 200, 300 பிரதிதான்னா 322-ஐ அப்படியே விடுங்க.

ஃபாரம்16

ணகரம் முட்டும் என்பது சரி. ஆனால் 322-ஐ அப்படியே விட, தகடு வைத்து அச்சடிக்கும் ஆஃப்செட்டில் வழியில்லை, நான் பேசியது அதைத்தான். சொல் உடைப்பை லேஅவுட் முடிந்த பிறகு மாற்றினால் புத்தகம் முழுக்க வரிகள் நகரும். சிவப்புப்பேனா சொன்ன ஒப்பீட்டை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அதைத் தொடங்குமுன் முன்பக்கங்களைப் பாருங்கள். நூலின் பெயர் மட்டும் நிற்கும் அரைத் தலைப்புப் பக்கமும் அதன் வெற்றுப் பின்பக்கமும் சேர்ந்து 2. சமர்ப்பணத்துக்குத் தனி வலப்பக்கமும் வெற்றுப் பின்பக்கமும் கொடுத்திருந்தால் அது இன்னொரு 2. அதை நூல் விவரப் பக்கத்தின் மேல்பாதிக்கு ஏற்றலாம், எழுத்தாளர் சம்மதித்தால். முன்பக்கங்களுக்குத் தனி எண்வரிசை கொடுத்திருந்தால் உள்ளே ஒரு பக்க எண்கூட மாறாது.